தென்சால் தறி வீடுகள்: புவான் வாங்கப் போகிறவர்களுக்கு

மிசோரமில் பெண்கள் கட்டும் புவான் துணி வாங்குவதாக இருந்தால் தலைநகர் அய்சாலின் கடைகளோடு நின்றுவிடாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கி, அதை நெய்கிற ஊரான தென்சாலுக்கே போய்விடுங்கள். அருவி, மான் பூங்கா, குகை எல்லாம் அந்த ஊரில் உண்டு. அவற்றுக்காக மட்டும் போகிறவர்களுக்கு நான் ஐந்துக்கு மூன்று போடுவேன். துணிக்காகப் போகிறவர்களுக்கு நாலரை. அந்த அரை எங்கே போயிற்று என்று போகப்போகத் தெரியும்.

நான் தையல்காரி. வீட்டுக்காரருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலில் அய்சாலுக்கு வந்து குடியிருக்கிறோம். குடியிருப்பில் இருக்கிற பெண்களுக்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு துணி கைக்கு வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பதும், ஓரத்தை இழுத்துப் பார்ப்பதும் எனக்குப் பழகிவிட்டது. ஆகவே இது சுற்றுலாக் குறிப்பு கிடையாது. தறியில் வாங்கிய துணியைப் பற்றித் துணி தைக்கிறவள் சொல்வது.

புவான் என்பது மிசோப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி. நம் புடவையைப் போல நீளம் கிடையாது. ஒரு சுற்று சுற்றி இடுப்பில் செருகினால் கணுக்கால் வரை வரும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற கூட்டத்தைத் தெருவோரம் நின்று பார்த்தாலே எத்தனை வகை என்று புரியும். மேலே நவீனமான கோட்டு, காலில் குதிகால் செருப்பு, நடுவில் புவான். ஐந்து வகைகளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது: புவான்செய், ஙோதேகெர், ஹ்மாராம், தால்லோபுவான், பான்டும். கடையில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் நமக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

புவான்செய்தான் இவற்றில் பகட்டானது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, நடுவே பச்சையும் மஞ்சளும் என்று பட்டை பட்டையாக, இடம் விடாமல் பூ வேலை. கல்யாணத்துக்கும், மூங்கில்களுக்கு நடுவே தாவி ஆடுகிற செராவ் நடனத்துக்கும் இதைத்தான் கட்டுவார்கள். 2010 மார்ச்சில் அய்சாலில் 10,736 பேர் ஒரே நேரத்தில் செராவ் ஆடிக் கின்னஸில் இடம் பிடித்தார்கள். படங்களைப் பார்த்தபோது ஆட்டத்தைவிட, இத்தனை பேருக்கு யார் நெய்தார்கள் என்பதுதான் எனக்கு ஓடியது.

அய்சாலில் வாங்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பஜாரில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், கைத்தறி என்று சொல்லி ஒரு புவான்செய்யை எடுத்துப் போட்டார்கள். விலையும் கைத்தறி விலை. திருப்பிப் பார்த்தால் பூ வேலையின் நூல் பின்பக்கம் முழுக்க நீளமாக ஓடி, ஒரே சீராகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. விசைத்தறித் துணியில்தான் அப்படி வரும். கையில் பூ போடுகிறவர்கள் ஒவ்வொரு பூவுக்கும் தனி நூல் வைத்து, அந்தப் பூவின் விளிம்பிலேயே நூலைத் திருப்பிக்கொள்வார்கள். பின்பக்கம் அங்கங்கே வளைந்து மடங்கிய நூல் தெரியும், முடிச்சுகூட இருக்கும். நான் கேட்டதும் கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அய்சாலில் நல்ல கடைகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது எங்கே நெய்தது என்று உங்கள் கண்ணால் பார்க்க வழியில்லை.

அய்சாலிலிருந்து தென்சால் சுமார் 90 கிலோமீட்டர். பங்கு வண்டியாக ஓடும் சுமோவில் கவுண்ட்டரில் சீட்டுப் போட்டுப் போகலாம், தனி வண்டியும் எடுக்கலாம். தூரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், மூன்றுக்குக் குறையாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. வழியில் முய்ஃபாங் வரும், 1,600 மீட்டருக்கு மேலே. அங்கே இறங்கினால் குளிரில் கை விறைக்கும். அங்கிருந்து இறங்கி இறங்கித் தென்சாலுக்கு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். மிசோரமில் வீடுகள் பெரும்பாலும் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும். தென்சாலோ விரித்துப் போட்ட பாய் மாதிரி சமதளமாகக் கிடக்கிறது. செர்சிப் மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். 2011 கணக்குப்படி மக்கள்தொகை ஏழாயிரம் சொச்சம்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் பலகை தேடவே வேண்டாம், காது கொடுத்தால் போதும். பல வீடுகளில் முன்னறையிலோ பக்கத்தில் இறக்கிய தகரக் கொட்டகையிலோ தறி ஓடிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் ஒரே தறி, சில இடங்களில் வரிசையாகப் பல தறிகள், சம்பளத்துக்கு நெய்கிற பெண்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். நான் போன வீட்டில் தாயும் மகளும், கூடவே வேலைக்கு வந்த இரண்டு பெண்களும். தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து தார் என்கிற சின்னக் குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் மிசோ நெசவு என்று தேடினால், தரையில் உட்கார்ந்து, இடுப்பில் பட்டை கட்டி, பாவை, அதாவது நீளவாக்கு நூலை, தன் உடம்பாலேயே இழுத்துப் பிடித்து நெய்கிற பாட்டியின் படம்தான் வரும். அது இடுப்புத் தறி. தென்சாலில் அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். இங்கே ஓடுவது பெரும்பாலும் சட்டம் போட்ட தறி. காலில் மிதி, பெஞ்சில் உட்கார்ந்து நெய்கிறார்கள். அதற்காக இது கைவேலை இல்லையென்று யாராவது சொன்னால், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

நான் உட்கார்ந்தேன். மகள் நெய்துகொண்டிருந்தது ஒரு புவான்செய்யின் சிவப்புப் பட்டை. பாவின் குறுக்கே சின்னச் சின்ன வண்ண நூல் கண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு பூவுக்கும் ஒன்று. மிதியை அழுத்துகிறாள், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகிறது, நூலை நெருக்குகிற சீப்பு மாதிரியான பன்னையை இழுத்து ஓர் அடி. அது சாதாரண ஊடை, குறுக்கு நூல். அப்புறம்தான் வேலையே. பாவில் இழைகளை விரலால் எண்ணி எண்ணித் தூக்கி, பச்சை நூலை நாலு இழைக்குக் கீழே விட்டு இந்தப் பக்கம் வாங்குகிறாள், அடுத்தது மஞ்சள், அடுத்தது வெள்ளை. இப்படி அகலம் முழுக்கப் போய் முடித்தால் ஒரு வரி. மறுபடி நாடா, மறுபடி ஓர் அடி. வரைபடத்தாள் எதுவும் எதிரில் இல்லை. கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது, பக்கத்துத் தறிக்காரியோடு பேச்சும் நடக்கிறது, விரல் எண்ணிக்கை தப்பவில்லை. நான் இருந்த நேரத்தில் ஒரு விரற்கடை அகலம்கூட ஏறவில்லை.

விலை 6,500 என்றார்கள். நான் பேரம் பேசவில்லை. பொதுவாகவே மிசோரமில் பேரம் எடுபடாது. சொன்ன விலைதான் விலை, அதுவும் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். வேலை குறைந்த, அங்கங்கே மட்டும் பூ போட்ட அன்றாடப் புவான்கள் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்தே இருந்தன. வேலை நெருங்க நெருங்க விலை ஏறுகிறது. அது நியாயம்தானே?

இனி நான் வாங்கியதைப் பற்றி. நெசவு அடர்த்தி நன்றாக இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எங்கும் ஓட்டை தெரியவில்லை. இரண்டு பாதியாக நெய்து நடுவில் சேர்த்துத் தைத்தது. பூக்கள் சேரும் இடத்தில் இரண்டு பாதியும் ஒரு நூல்கூடப் பிசகாமல் பொருந்தியிருக்கின்றன. அதுதான் என்னை அசத்தியது. கோடு போட்ட துணியில் தையலுக்குத் தையல் கோடு சேர்ப்பதற்கே நாங்கள் குண்டூசி குண்டூசியாகக் குத்துவோம். தனித்தனியாக நெய்த இரண்டு துண்டு அளவில் சரியாக வந்து சேர வேண்டுமென்றால், பன்னையை அடிக்கிற பலம் கடைசி வரை ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். ஓரமும் நேர். உள்ளே இழுத்துக்கொண்டோ அலை அலையாகவோ போகவில்லை.

சாயம் போகுமா என்று ஈரக் கைக்குட்டையைச் சிவப்பில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்து குளிர்ந்த நீரில் அலசியபோதும் வெள்ளைப் பட்டை வெள்ளையாகவே இருந்தது. அதற்குக் காரணம் நூல். அரை மதிப்பெண் போனதும் அந்த நூலால்தான்.

தென்சாலில் நெய்யும் புவான்களில் கணிசமானவை அக்ரிலிக் போன்ற செயற்கை நூலில் வருகின்றன. பருத்தியும் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் இதைச் சொன்னால் “ஐயே, சிந்தெட்டிக்கா?” என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு அந்த அலட்சியம் பிடிக்கவில்லை. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற மலையில், துணி காயாமல் பூஞ்சை பூக்கிற ஊரில், வாராவாரம் கட்டுகிற பெண்ணுக்குச் சீக்கிரம் காய்ந்து நிறம் மங்காமல் இருப்பது பெரிய விஷயம். அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் அப்படி எரிய வேண்டும் என்றுதான் அவர்களே விரும்பி வாங்குகிறார்கள். நமக்காகவா நெய்கிறார்கள்? அவர்களுக்காக நெய்கிறார்கள், நாம் நடுவில் போய் வாங்குகிறோம்.

என் புகார் அது இல்லை. எந்த நூல் என்று எதிலும் எழுதி ஒட்டவில்லை, அதுதான் குறை. கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் தெரியாது. அடுக்கில் பருத்தியும் செயற்கையும் கலந்து கிடக்கின்றன. தொட்டால் கண்டுபிடிக்கலாம். செயற்கை நூல் கொஞ்சம் கம்பளி மாதிரி மெத்தென்று, கையில் சூடாகத் தெரியும். பருத்தி குளிர்ச்சியாக, கனமாக விழும். சமவெளியில் வெயிலில் கட்டப் போகிறவர்கள் பருத்தியையே கேளுங்கள். செயற்கை வாங்கினால் இஸ்திரிப் பெட்டியை நேரே வைத்துவிடாதீர்கள், மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் ஓட்டுங்கள். இல்லையென்றால் பூ வேலை அமுங்கி ஈயம் பூசின மாதிரி மினுக்கும். அப்புறம் அதைச் சரி செய்ய என்னிடம் கொண்டு வந்தாலும் பிரயோஜனமில்லை.

அங்கே நான் இருந்தபோது சுற்றுலா வந்த ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் கறுப்புப் புவான் ஒன்றை விரித்துப் பார்த்து, இது சாப்பாட்டு மேசை விரிப்புக்கு நன்றாக இருக்கும் என்று கணவரிடம் சொன்னார். அது பான்டும். கல்யாணமாகிப் போகும் மிசோப் பெண் பான்டும் கொண்டு போவது வழக்கம். சாவு வீட்டுக்கான துணி அது, புகுந்த வீட்டில் இறந்தவர் மீது போர்த்துவதற்கு. வீட்டுக்காரப் பெண்மணி ஒன்றும் சொல்லாமல் அதைப் பக்குவமாக மடித்து எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த மேசை விரிப்புகளைக் காட்டினார். விற்பனை போய்விடுமே என்று யோசிக்கவில்லை. வாங்கப் போகிறவர்கள் எது எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தால்லோபுவான் அந்தக் காலத்தில் பின்வாங்காத வீரர்கள் போர்த்தியது. ஹ்மாராம் அளவில் சின்னது, கறுப்பில் வெள்ளை வேலை. எனக்குக் கண்ணுக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் அந்த வீட்டில் விற்பதற்கு அப்போது இருக்கவில்லை.

பை, கழுத்துப்பட்டி, கோட்டு, பர்ஸ் என்று தைத்த பொருள்களும் விற்கிறார்கள். இவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துணி அருமை, தையல் சுமார். ஒரு தோள்பையைத் திறந்து பார்த்தேன்; உள்ளே லைனிங் இல்லை, ஓரம் அடிக்காமல் பிசிறு விட்டுக் கிடந்தது, ஜிப் மலிவானது. நாலு மாதத்தில் ஜிப் போய்விடும், துணி நாற்பது வருஷம் இருக்கும். வெறும் துணியாக வாங்கிக்கொண்டு வந்து தெரிந்த தையல்காரரிடம் கொடுங்கள்.

துணி தவிர மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வான்தாங் அருவி 229 மீட்டர் உயரம், மிசோரமிலேயே உயரமானது. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே. ஆனால் அடிவாரத்துக்குப் போய்க் கால் நனைக்கலாம் என்று கனவு காணாதீர்கள். காட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்வைக் கோபுரத்தில் நின்று தூரத்திலிருந்து பார்ப்பதுதான். மழை முடிந்த கையோடு போனால் கண்கொள்ளாக் காட்சி. மார்ச்சில் போனால் வெள்ளை நூல். துய்ரிஹியாவ் என்று இன்னொரு அருவி இருக்கிறது, சின்னது. விழுகிற தண்ணீருக்குப் பின்னால் போய் நிற்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி. 2020-இல் திறந்த 18 குழி கோல்ஃப் மைதானமும் மர வீடுகளும் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் அங்கே புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

சாப்பாடு பொழுது சாயும் முன்பே முடிந்துவிடும், இது முக்கியம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் முழுச் சோறு, சாயங்காலம் ஐந்து ஆறுக்கே இரவுச் சாப்பாடு. எட்டு மணிக்குப் பசிக்கிறது என்று தெருவுக்கு வந்தால் நாய்கூட இருக்காது. கீரை, காய் வேகவைத்த பாய் என்ற குழம்பு எனக்குப் பிடித்தது. ஆனால் அதில் புளிக்க வைத்த பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. சைவக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், தட்டில் வந்த பிறகு தேடிப் பயனில்லை.

ஞாயிறு எதுவும் கிடையாது. கடை, தறி, வண்டி எல்லாம் நின்றுவிடும். சனிக்கிழமை போய் ஞாயிறு வாங்கலாம் என்று திட்டம் போட்டால் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மிசோரமுக்குள் வருவதற்கு உள்நுழைவு அனுமதி வாங்க வேண்டும். லெங்புய் விமான நிலையத்திலேயே தருகிறார்கள், இணையத்திலும் எடுக்கலாம். 2025 செப்டம்பரிலிருந்து அய்சாலுக்குப் பக்கத்தில் சாய்ராங் வரை ரயிலும் வருகிறது, விமானக் காசு மிச்சம். தென்சாலில் கைப்பேசியில் பணம் அனுப்பலாம் என்றாலும் சிக்னல் நம்பும்படி இல்லை, ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதங்களில் ஆர்டர் கொடுக்காதீர்கள். அப்போது ஊரே புதுப் புவானுக்குக் காத்திருக்கும், உங்கள் முறை வராது. ஜனவரிக்கு மேல் சொன்னால் நீங்கள் கேட்கிற நிறத்தில், கேட்கிற நூலில் நெய்து தருகிறார்கள். நான் அப்படித்தான் பருத்தியில் ஒரு ஙோதேகெர் சொல்லியிருந்தேன், கறுப்பு வெள்ளைக் கோடு. பாதிப் பணம் முன்னே கொடுத்தேன். பாவு போட்டதும் ஒரு படம், பாதி நெய்ததும் ஒரு படம் என்று மகள் வாட்ஸாப்பில் அனுப்பினாள். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளி, செய்தித்தாளில் சுற்றி, சுமோ கவுண்ட்டருக்கு வந்து சேர்ந்தது. கவுண்ட்டரில் பார்சல் கூலி மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டேன். நெசவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தையல் மட்டும் ஒரு முனையில் அரை அங்குலம் ஏறி இருந்தது. பிரித்து நானே தைத்துக்கொண்டேன்.